உப்புக் காற்றில் இசைத்தட்டும் பைண்டு புத்தகமும்

போன வருஷம் புதுச்சேரியில் கேட்கவும் படிக்கவும் கைக்கு வந்தவற்றில் எது உசத்தி என்று கேட்டால், பதில் இரண்டு பழைய சரக்கு. ஒன்று, நாதஸ்வர இசைத்தட்டு. மற்றது, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, எந்த வீட்டிலோ யாரோ பைண்டு பண்ணி வைத்த புத்தகம். மூன்றாவதாக ஒரு புதுச் சரக்கும் உண்டு, மின்னூல் கருவி. அதற்கு மதிப்பெண் கொஞ்சம் குறைவுதான்.

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் பார்க்கிற கண்ணோடு இவற்றை இங்கே பார்க்க முடியாது. புதுச்சேரியிலும் கடலூரிலும் பொருளைக் கெடுப்பது பயன்பாடு அல்ல, காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தைத் துருவாக்கும், காகிதத்தைப் பூஞ்சணமாக்கும். அதனால் வாங்கும் விலையைவிட வைத்துக் காப்பாற்றும் செலவுதான் முக்கியக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தையில் துணிமணிக்குத்தான் கூட்டம். நடுநடுவே தரையில் பழைய புத்தகம் விரித்திருப்பார்கள். இசைத்தட்டு கண்ணில் படுவது அபூர்வம்; பட்டாலும் போட்டுக் கேட்க அங்கே வழி கிடையாது. கண்ணாலும் நகத்தாலும்தான் சோதிக்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் இதற்கு உத்தமம். தட்டின் விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு உறையிலிருந்து எடுத்து, வெளிச்சம் வரிகளுக்கு (ஊசி ஓடும் பள்ளங்களுக்கு) குறுக்கே ஓடும்படி சாய்த்துப் பாருங்கள். மயிரிழை போல மின்னும் கீறல்கள் பெரும்பாலும் காதுக்கு எட்டாது. விரல்நகத்தை லேசாக ஓட்டும்போது தட்டுப்படுகிற கீறல் கட்டாயம் 'டிக்' அடிக்கும்.

எவ்வளவு நேரம் அடிக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எல்.பி. எனும் பெரிய வினைல் தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓடுகிறது, ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. பக்கத்துக்கு 20 நிமிஷம் ஓடும் தட்டில் அங்குலத்துக்குச் சுமார் 200 வரி இருக்கும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அரை அங்குலம் ஓடும் கீறல் நூறு வரியைக் கடக்கும். அதாவது மூன்று நிமிஷம், 1.8 விநாடிக்கு ஒரு டிக். பொறுத்துக்கொள்ளலாம். வரியோடு வரியாக, வட்டப் போக்கிலேயே விழுந்த கீறல்தான் ஆபத்து. நீளம் குறைவாகத் தெரியும், ஆனால் ஊசி அதில் விழுந்தால் திரும்பத் திரும்ப அதே அடியையே பாடும். ஒரே பேச்சைப் பேசுகிறவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று திட்டுவோமே, அது இந்த ரகம்.

நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாக வெள்ளைத் தடம் இருக்கிறதா பாருங்கள். இருட்டில் தடவித் தடவி முளையில் பொருத்தியவர்கள் விட்ட தடம் அது. அதிகம் இருந்தால் அதிகம் ஓடிய தட்டு. லேபிளில் எண் ஒட்டியோ பெயிண்டில் கடைப்பெயர் எழுதியோ இருந்தால் மைக் செட்காரர் வைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் குழாயைக் கட்டி, கனத்த ஊசியில் நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிய தட்டுகளின் வரிகள் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும். கழுவினாலும் அது போகாது, தேய்ந்தது தேய்ந்ததுதான். சினிமாப் பாட்டு உள்ள ஈ.பி. எனும் சின்னத் தட்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதி, ஆசைப்பட்டு ஏமாற வேண்டாம்.

நாதஸ்வரத்துக்கு முதலிடம் தந்ததற்கும் இதுதான் காரணம். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒலி சத்தமானது, அடர்த்தியானது. பழைய தட்டின் பொரிச்சல் அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சுமாரான தட்டில்கூட ராகம் முழுசாகக் காதில் விழும். வீணை இதற்கு நேர் எதிர். மீட்டு அடங்கி, கமகம் மெல்ல நழுவும் இடத்தில்தான் சங்கதியே இருக்கிறது. சரியாக அந்த இடத்தில் பொரி பொரியும். ஆகவே வீணைத் தட்டு என்றால் புதிது போல இருந்தால் மட்டும் வாங்குவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது. வாய்ப்பாட்டு நடுத்தரம். நாதஸ்வரத்திலும் ஒரு குறை உண்டு: தட்டின் உள்வட்டத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் சுற்றளவு குறைவதால், உச்ச ஸ்தாயியில் ஒலி பிசிறடிக்கும். பக்கத்தின் கடைசி மூன்று நான்கு நிமிஷத்தில் இது தெரியும். ஊசி தேயத் தேய அதிகமாகும்.

78 சுற்றுத் தட்டு தனி உலகம். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். ராக ஆலாபனையை அதற்குள் சுருக்கி வாசித்த கச்சிதமே அதன் அழகு. ஆனால் இது அரக்குத் தட்டு, வினைல் அல்ல. கை நழுவினால் சில்லு. ஆல்கஹால் பட்டால் மேல்பரப்பு கரைந்து குழையும். வரியும் அகலம்: எல்.பி. ஊசியின் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ, 78க்கு வேண்டியது ஆயிரத்தில் மூன்று பங்கு. எல்.பி. ஊசியைப் போட்டால் பாட்டு கேட்கும்; ஆனால் முனை பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டே ஓடும். கேட்பதில் பாதி இரைச்சல்.

கழுவாமல் எந்தத் தட்டையும் பிளேயரில் ஏற்றக் கூடாது. இந்த ஊர்த் தட்டுகளில் தூசியைவிடப் பூஞ்சணம்தான் அதிகம். வெள்ளைப் புள்ளியாக, சில சமயம் சிலந்திவலை போலப் படர்ந்திருக்கும். குழாய்த் தண்ணீர் உதவாது, காய்ந்த பிறகு உப்பு வரிக்குள்ளேயே படியும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும், ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாமல் இருந்தால் சரி. வினைல் தட்டுக்கு நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம். அரக்குத் தட்டுக்கு ஆல்கஹாலை அடியோடு விட்டுவிட்டு மற்ற இரண்டு மட்டும். லேபிள் நனையாமல் மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சாமான் ஸ்டாண்டில் நிறுத்தி ஃபேனுக்கு அடியில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். காய்ந்ததைப் பழைய காகித உறைக்குள்ளேயே திரும்பப் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. பூஞ்சணத்தின் விதை அந்த உறையில்தான் இருக்கிறது. உள்ளுறையை மாற்றுங்கள், படமும் எழுத்தும் உள்ள வெளியட்டையை ஈரத் துணி வைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

பிளேயர் விஷயத்தில் அழகுக்கு மயங்காதீர்கள். பெட்டி மாதிரி மூடி வைக்கும் சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்). ஐந்து கிராமும் அதற்கு மேலும் அழுத்தும், எடையைக் குறைக்க வழி இருக்காது. தேடி வாங்கிய தட்டை அதில் போடுவது உழுவது மாதிரி. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைக்குப் பின்னால் திருகும் எடை உள்ள பிளேயர் வேண்டும். ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் வி.எம்.95இ போன்ற கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம், இரண்டில் வைத்தால் சரியாக இருக்கும். ஊசி மூடியைக் கழற்றி, கை உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி ஸ்கேட் திருகைப் பூஜ்யத்தில் வைத்து, பின் எடையைத் திருகித் திருகி, கை தராசு முள் போல அந்தரத்தில் நிற்கும்வரை கொண்டுவாருங்கள். அங்கே எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். அதன்பிறகு எடையும் வளையமும் சேர்ந்து சுழலும்படி 2 வரை. ஆன்டி ஸ்கேட்டும் 2. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று ஒன்றரையில் வைப்பவர்கள் உண்டு. ஊசி வரியில் உட்காராமல் குதிக்கும், குதிக்கிற ஊசிதான் வரிச் சுவரை உடைக்கும்.

நீள்வட்ட முனை ஊசிக்கு அந்த நிறுவனம் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். இருபது நிமிஷப் பக்கம் என்றால் 900 பக்கம். தினம் இரண்டு பக்கம் கேட்டால் ஒன்றேகால் வருஷம். மாற்று ஊசியின் விலையைச் சேர்க்காமல் இந்தப் பொழுதுபோக்கு மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். பெல்ட்டு வெயிலில் தளர்ந்தால் சுருதி இறங்கும். ஆறு சதவீதம் மெதுவானால் ஏறக்குறைய அரைக் கட்டை குறையும். நாதஸ்வரக்காரர் எந்தக் கட்டையில் வாசித்தார் என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன், தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி எண்ணிப் பாருங்கள்: சரியாக மூன்று நிமிஷத்தில் நூறு சுற்று. 97 வந்தால் பெல்ட்டை மாற்ற வேண்டியதுதான்.

ஒரு காதில் மட்டும் சத்தம் குறைந்தால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு ஊசிக் கால்களில் செருகிய மெல்லிய ஒயர் முனைகள் இருக்கின்றன. உப்புக் காற்றில் அவற்றின் மேல் பச்சையும் கறுப்புமாகப் படலம் கட்டும். மின்சாரத்தை நிறுத்தி, குறடால் ஒவ்வொன்றாக மெல்ல உருவி, கான்டாக்ட் கிளீனர் தொட்டுத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் திரும்பிவிடும். பிளேயரிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் போகும் ஒயரின் ஆர்.சி.ஏ. பின்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதே வைத்தியம். 'ஹம்' என்று இரைந்தால் எர்த் ஒயர் கழன்றிருக்கும். கொசு பாடுவது போல ஒல்லியாகக் கேட்டால் கார்ட்ரிட்ஜின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ஆம்பிளிஃபயர் நடுவில் இல்லை என்று அர்த்தம். காதைப் பிளந்து கரகரத்தால் அது இரண்டு தடவை நடுவில் வந்திருக்கிறது. பிளேயருக்குப் பின்னால் உள்ள ஃபோனோ–லைன் சுவிட்சைப் பாருங்கள்.

இனி பைண்டு புத்தகம். தொடர்கதை பைண்டைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு, வாங்குபவர்கள் நிறைய. அச்சான நாவலில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஓவியர் போட்ட படம். பல நாவல்கள் நூலாக வரும்போது அந்தப் படங்கள் விழுந்துபோயின. பக்கத்து ஓரத்தில் தப்பிப் பிழைத்த தலைவலி மாத்திரை விளம்பரமும், மறுபக்கத்தில் பாதியோடு நிற்கும் ஜோக்கும் இனாம்.

வாங்குமுன் கடைசி ஏட்டில் 'முற்றும்' இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு அத்தியாய எண்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில்தான் அதிகம் விட்டுப்போயிருக்கும். சிறப்பிதழைக் கிழிக்க மனசு வராது, அல்லது பக்கத்து வீட்டுக்குப் போன இதழ் திரும்பியிருக்காது. மூன்றாவது, நடுவில் விரித்துத் தையல் பக்கத்தைப் பார்ப்பது. ஒற்றைத் தாள்களாகக் கிழித்தவற்றை மேலிருந்து கீழாகக் குத்தித் தைத்திருப்பார்கள். உள் ஓரத்தில் அரை அங்குலம் விழுங்கப்பட்டு, வரியின் முதல் இரண்டு எழுத்து தையலுக்குள் போயிருக்கும். வலுக்கட்டாயமாக விரித்தால் முதுகு உடையும். நான்காவது, முன் ஓரம்: பைண்டர் சமமாக வெட்டுகிறேன் என்று எழுத்தையும் வெட்டியிருக்கிறாரா என்று. நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை என்பதற்காக மட்டும் விட்டுவிட வேண்டாம். நூல் வடிவில் வந்திருந்தால் அந்தப் பகுதியைப் பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள ரோமன் ரோலண்ட் நூலகத்தில் தேடிப் படித்துக்கொள்ளலாம். 1827இல் தொடங்கிய நூலகம் அது. தொடரில் வந்த பாடத்துக்கும் நூலில் வந்த பாடத்துக்கும் அங்கங்கே வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், திருத்தி எழுதுவது வழக்கம்தான்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்தான் இந்த ஊர்ப் புத்தகத்துக்கு முதல் எதிரி. பின்னைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் தெரிந்தால், இழுக்காமல், காகிதத்தின் பின்புறம் மடிந்திருக்கும் இரு கால்களையும் மழுங்கிய கத்தி நுனியால் நிமிர்த்தி, ஒவ்வொன்றாக வெளியே தள்ள வேண்டும். இழுத்தால் துரு ஏறிய காகிதம் அப்பளம் போல நொறுங்கும். பின் இருந்த ஓட்டைகள் வழியாகவே பருத்தி நூல் கோத்துத் தைக்கலாம். பைண்டரிடம் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஓரம் வெட்ட வேண்டாம், அட்டைக்குக் காலிகோ துணி போதும், முதுகுக்கு மைதாப் பசை. மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பழைய பழக்கம், பூச்சி அண்டாது. அது விஷம் என்பதால் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

சந்தையில் வாங்கும் சாதாரண அச்சு நூலுக்கு வேறு சோதனை. புத்தகம் ஃபாரம் ஃபாரமாக அச்சாகிறது, பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விட்டுப்போவதும், ஒன்றே இரண்டு தடவை சேர்வதும் உண்டு. அதனால் முழுதும் புரட்ட வேண்டியதில்லை. 16, 32, 48 என்று அந்த இடங்களில் பக்க எண் தொடர்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் முடியும். ஆண்டு அச்சிட்ட பக்கம் கிழிந்திருந்தால் எழுத்தைப் பாருங்கள். 'லை', 'னை', 'ணை' யானைத் துதிக்கையோடு இருந்தால், 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டதற்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய அச்செழுத்துகளையே வைத்திருந்த அச்சகங்கள் பிறகும் சில காலம் அப்படியே அடித்தன என்பதால் இதை உறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது.

மின்னூல் கருவிக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது நினைவிருக்கும். கரண்ட் இல்லாத அப்படிப்பட்ட நாட்களில் ஒரு தடவை ஏற்றிய சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும் கருவிக்கு ஈடே இல்லை. தமிழ் நூல்களை மின்வடிவில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும், நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. யூனிகோடில் உள்ள இபப் கோப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம். தமிழுக்கு இரண்டு பக்கமும் சமன் செய்யும் அமைப்பை அணைத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் நேராக வையுங்கள். நீளமான சொற்கள் வரியில் அடங்காமல் கீழே இறங்கும்போது மீதிச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும், வாசிக்க எரிச்சல்.

மதிப்பெண் குறைவது ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.இல். ஆறு அங்குலத் திரையின் அகலம் 3.6 அங்குலம். டெம்மி அளவுப் புத்தகப் பக்கம் ஐந்தரை அங்குலம். அப்படியே காட்டினால் எழுத்து மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 11 பாயின்ட் எழுத்து 7 பாயின்ட் ஆகும். வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டு, கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பி, பக்கத்தை இரண்டு மூன்று துண்டாகப் படித்தால்தான் கண் தப்பும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு மாதிரிப் பல தொகுதி கொண்டவற்றை இதில் தூக்கிச் செல்வது சுகம். ஸ்கேன் படமாக இருந்தால் ஒரு பெயரைத் தேட முடியாது, அதுவே துன்பம். இயந்திரத்தைக் கொண்டு எழுத்தாக மாற்றலாம்தான். சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து வந்ததும் அது தடுமாறும், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் மேற்கோள் காட்டாதீர்கள். புதிதாக வாங்குபவர் ஏழு அங்குலத்துக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி போட்டு வைத்தால் உப்பு ஏறாது.

அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. கடலைப் பார்த்த சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஊறும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது நெளியும். புத்தகம் போல நிறுத்தி, சாயாத அளவுக்கு நெருக்கி வையுங்கள். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. இசைத்தட்டு இருக்கும் அடுக்கில் அதைப் போடவும் கூடாது. புத்தகத்துக்கு வசம்பும் காய்ந்த நொச்சியிலையும் போதும். ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். 110 டிகிரி சூட்டில் ஓவனில் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவையும் கார்த்திகை நடுவில் ஒரு தடவையும் இதைச் செய்தால் தை வரை தாங்கும். மழையில் முழுசாக நனைந்துபோன புத்தகத்தை வெயிலில் விரிக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த புத்தகத்தில் பூஞ்சணம் வளராது. மழை விட்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஃபேனடியில் நிறுத்திக் காயவைக்க அவகாசம் கிடைக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் படங்கள் உள்ள புத்தகம் மட்டும் இதற்கு மசியாது. நனைந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்குள் அதைத்தான் முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.